கடல் முகத்தை அளத்தல்
எண்ணெய்க் கசிவைப் பின்தொடரும் புதிய கருவிகள்

எள்ளிலிருந்து எடுத்த நெய் எண்ணெய். எள்ளின் நெய்க்கு ஏற்பட்ட அப்பெயர், நாளடைவில் தேங்காய், ஆமணக்கு, செம்பனை ஆகியவற்றின் நெய்க்கும் பொதுப்பெயராயிற்று. நிலத்தின் அடியிலிருந்து இறைத்தெடுக்கும் கரிய நீர்மத்துக்கும் இன்று அதுவே பெயர். செக்கிலிருந்து வந்த எண்ணெய் வீட்டில் சிந்தினால், சிந்திய இடத்திலேயே கிடக்கும். துணியை எடுத்துத் துடைத்துவிடலாம். கடலில் சிந்திய எண்ணெயோ ஒரு நாழிகையும் ஓரிடத்தில் நில்லாது. காற்று ஒரு பக்கம் தள்ளும். நீரோட்டம் ஒரு பக்கம் இழுக்கும். அலை அதனைக் கடைந்து கூழாக்கும். ஆதலின், கடலில் எண்ணெய் சிந்தியதும் முதலில் எழும் வினா "எவ்வளவு சிந்திற்று?" என்பதன்று, "நாளைக் காலையில் அஃது எங்கே இருக்கும்?" என்பதே.

இவ்வினாவுக்கு விடை காண வேண்டுமாயின், கடலின் மேற்பரப்பை அளந்தாக வேண்டும். ஓயாது அசையும் ஒன்றை எந்தக் கோலால் அளப்பது? அண்மைக் காலத்தில் அறிஞர்கள் இதற்குக் கண்ட வழிகள் வியப்புக்குரியவை. அவற்றை ஒவ்வொன்றாகக் காணலாம்.

வாயிற்படியில் நிகழ்ந்த கசிவு

2024ஆம் ஆண்டு ஜூன் 14ஆம் நாள் பிற்பகல், சிங்கப்பூரின் பாசிர் பாஞ்சாங் முனையத்தில் நின்றிருந்த 'மரீன் ஆனர்' என்னும் எரிபொருள் வழங்கும் கப்பல்மீது, 'வாக்ஸ் மாக்சிமா' என்னும் தூர்வாரும் கப்பல் மோதிற்று. நின்றிருந்த கப்பலின் எண்ணெய்த் தொட்டி உடைந்து ஏறத்தாழ 400 டன் எரியெண்ணெய் கடலில் கலந்தது. எண்ணெய் முனையத்தோடு நிற்கவில்லை. செந்தோசாவின் கடற்கரைகள், லாப்ரடோர் இயற்கைக் காப்பகம், செயிண்ட் ஜான், லாசரஸ் ஆகிய தென்தீவுகள், கிழக்கே ஈஸ்ட் கோஸ்ட் பூங்கா எனப் பல இடங்களில் அது கரை ஒதுங்கிற்று. வெண்மணலில் கருந்தார் படிந்த காட்சியைப் பலரும் கண்டு வருந்தினர்.

அந்நாட்களில் அதிகாரிகள் செயற்கைக் கோள்களின் படங்களையும் ஆளில்லா வானூர்திகளின் படங்களையும் துணைக்கொண்டு எண்ணெயைத் தேடினர். தேடல் ஏன் இன்றியமையாதது? எண்ணெயை மறிக்கும் மிதவைத் தடுப்புகள் எல்லையற்றவை அல்ல. கரை முழுவதையும் அவற்றால் வேலியிட இயலாது. அலையாத்திக் காட்டின் வாயிலில் இடுவதா, குளிக்கும் கடற்கரையில் இடுவதா, மீன் வளர்க்கும் மிதவைப் பண்ணைகளின் முன் இடுவதா என்று முடிவு செய்ய வேண்டும். எண்ணெய் வரும் திசையை முன்னரே அறிந்தவனுக்கே அம்முடிவு கைகூடும். வந்த பின் இட்ட தடுப்பு, வெள்ளம் வடிந்த பின் கட்டிய அணை போன்றது.

இதற்கு முன்னும் இந்நீரிணை பெருங் கசிவைக் கண்டதுண்டு. 1997ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் நாள் 'எவோய்க்கோஸ்', 'ஒராப்பின் குளோபல்' என்னும் இரு எண்ணெய்க் கப்பல்கள் சிங்கப்பூர் நீரிணையில் மோதிக்கொண்டபோது, 28,000 டன்னுக்கும் மேற்பட்ட எரியெண்ணெய் கடலில் கொட்டிற்று. நாள்தோறும் எண்ணற்ற கப்பல்கள் நெருங்கிச் செல்லும் இக்குறுகிய நீர்வழியின் கரையில் வாழ்வோருக்கு, எண்ணெயைப் பின்தொடரும் கலை அயலார் கலை அன்று.

குளத்தில் ஒரு கரண்டி எண்ணெய்

எண்ணெய் கடல் முகத்தை எவ்வாறு மாற்றுகிறது என்பதே எல்லா அளவைகளுக்கும் அடிப்படை. அதனை முதன்முதலாக முறையாக ஆராய்ந்தவர்களுள் ஒருவர் பெஞ்சமின் பிராங்க்ளின். 1757ஆம் ஆண்டில் அவர் கப்பலேறிச் சென்றபோது, உடன் வந்த கப்பல்களுள் இரண்டின் பின்னே மட்டும் கடல் வழவழப்பாய் இருக்கக் கண்டார். சமையற்காரர் கொட்டிய கொழுப்பு நீரே அதற்குக் காரணம் என்று அவருக்குச் சொல்லப்பட்டது. பின்னாளில் இலண்டனை அடுத்த கிளாப்பம் என்னும் ஊரின் குளத்தில், ஒரு தேக்கரண்டி அளவு எண்ணெயை ஊற்றிப் பார்த்தார். அது மெல்ல மெல்லப் பரவி ஏறத்தாழ அரை ஏக்கர் நீர்ப்பரப்பைக் கண்ணாடி போல் ஆக்கிற்று. அவருடைய குறிப்புகள் 1774ஆம் ஆண்டில் இலண்டன் ராயல் கழகத்தின் ஏட்டில் வெளிவந்தன.

அவர் செய்யாமல் விட்ட ஒரு கணக்கை இன்று ஆறாம் வகுப்பு மாணவனும் செய்துவிடலாம். தேக்கரண்டி எண்ணெய் 5 கன சென்டிமீட்டர் எனக் கொள்க. அரை ஏக்கர் ஏறத்தாழ 2,000 சதுர மீட்டர். கன அளவைப் பரப்பால் வகுத்தால் கிடைப்பது படலத்தின் தடிப்பு. அது ஒரு மில்லிமீட்டரின் நான்கு இலட்சத்தில் ஒரு பங்கு! ஒரே ஒரு மூலக்கூறின் உயரம் அவ்வளவே. அத்தனை மெல்லிய படலமும் சிற்றலைகளை அடக்கிவிடுகிறது என்பதே நினைவில் நிறுத்த வேண்டிய உண்மை.

எவ்வாறு அடக்குகிறது? சிற்றலை எழும்போது நீரின் மேற்பரப்பு ஓரிடத்தில் விரியும். அடுத்த இடத்தில் சுருங்கும். மேலே எண்ணெய்ப் படலம் இருந்தால், விரியுமிடத்தில் படலம் மெலியும்; சுருங்குமிடத்தில் தடிக்கும். மெலிந்த இடத்துக்கும் தடித்த இடத்துக்கும் பரப்பு இழுவிசையில் வேறுபாடு தோன்றும். அவ்வேறுபாடு நீரை முன்னும் பின்னும் இழுத்து, அலையின் ஆற்றலை உராய்வால் தேய்த்துவிடும். பெரிய அலைகள் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். சில சென்டிமீட்டர் நீளமுள்ள குற்றலைகளே முதலில் மடியும். இக்குற்றலைகளின் மறைவே விண்ணிலிருந்து எண்ணெயைக் காட்டிக்கொடுக்கும் அடையாளம் ஆகிறது.

இருளிலும் பார்க்கும் கண்

பகலில் வானூர்தியிலிருந்து பார்த்தால் எண்ணெய் தெரியும். இரவிலும் மேகம் மூடிய நாளிலும் என் செய்வது? அங்கே துணைக்கு வருவது ரேடார். அது தானே நுண்ணலைகளை வீசித் தானே எதிரொலியை வாங்கிக்கொள்வது. ஞாயிற்றின் ஒளி அதற்கு வேண்டுவதில்லை. மேகமும் அதனை மறைக்காது. 1978ஆம் ஆண்டில் ஏவப்பட்ட 'சீசாட்' என்னும் செயற்கைக் கோள் இம்முறையால் கடலைப் படம் பிடிக்க இயலும் என்பதைக் காட்டிற்று. ஐரோப்பியர் 2014ஆம் ஆண்டு முதல் ஏவிவரும் 'செண்டினல்-1' வரிசைக் கோள்கள் ஏறத்தாழ 5½ சென்டிமீட்டர் நீளமுள்ள நுண்ணலைகளைக் கொண்டு இப்பணியைச் செய்கின்றன.

ரேடார் படத்தில் எண்ணெய் ஏன் கறுப்பாகத் தோன்றுகிறது? தோட்டத்துச் செம்மண் பாதையில் இரவில் மோட்டார் சைக்கிளில் செல்பவர் இதனை அறிவர். கரடான கற்பாதை விளக்கொளியைத் திருப்பி அனுப்புவதால் வெளிச்சமாகத் தெரியும். பாதை நடுவே அசையாத நீர்த் தேக்கம் இருந்தால், அது கண்ணாடி போல ஒளியை முன்னோக்கித் தள்ளிவிடுவதால் கருங்குழியாகத் தெரியும். கடலிலும் அதுவே நிகழ்கிறது. குற்றலைகள் நிறைந்த கரடான நீர் ரேடாருக்கு எதிரொலி தரும். எண்ணெய் படிந்த வழுவழுப்பான நீர் அலைகளை வேறு பக்கம் அனுப்பிவிடும். எனவே படத்தில் எண்ணெய் கருந்திட்டாய் நிற்கும்.

ஆயினும் கறுத்ததெல்லாம் எண்ணெய் அன்று. காற்று நொடிக்கு இரண்டு மூன்று மீட்டருக்குக் கீழ்ப்பட்டால் குற்றலைகளே எழா. அப்போது கடல் முழுவதும் கறுப்பாய்த் தோன்றும். காற்று மிகக் கடுமையாய் வீசினால் அலை எண்ணெயை நீருக்குள் அமிழ்த்திவிடும். அப்போது எண்ணெய் இருந்தும் தெரியாது. கடல்வாழ் நுண்ணுயிர்கள் விடும் கொழுப்பும் இத்தகைய திட்டை உண்டாக்கும்; மழை பெய்த இடமும் அவ்வாறே மயக்கும். ஆதலின் படத்தைப் பார்ப்பவர், அன்றைய காற்றையும் கப்பல் சென்ற வழியையும் திட்டின் வடிவையும் ஒத்துப் பார்த்தே தீர்ப்புச் சொல்ல வேண்டும். ஐரோப்பியக் கடற்பாதுகாப்பு நிறுவனம் 2007 முதல் இப்படங்களைக் கொண்டு காவல் புரிந்து வருகிறது. ஐயமான திட்டு ஒன்று தென்பட்டால் அக்கடற்பகுதிக்குரிய நாட்டுக்குச் செய்தி செல்லும்; வானூர்தியோ படகோ சென்று நேரில் பார்த்து உறுதி செய்யும்.

நிறத்தால் அறியும் தடிப்பு

எண்ணெய் இருக்கிறது என்று அறிந்தால் மட்டும் போதாது. எங்கே தடித்திருக்கிறது என்றும் அறிய வேண்டும். ஏனெனில் கசிந்த எண்ணெயின் பெரும்பகுதி சிறு பரப்பில் தடித்துக் கிடக்கும். எஞ்சிய பெரும்பரப்பில் இருப்பது வெறும் பளபளப்பே.

சரக்குந்து நின்ற இடத்தில் மழைநீரின்மேல் வானவில் நிறங்கள் மின்னுவதைச் சிறுவர்களும் கண்டிருப்பர். அந்நிறமே ஓர் அளவுகோல். வடகடல் நாடுகள் தம்முள் செய்துகொண்ட பான் உடன்பாட்டின் முறைப்படி, வானூர்தியில் செல்லும் பார்வையாளர் நிறத்தைக் கண்டு தடிப்பை மதிப்பிடுவர். வெள்ளிப் பளபளப்பாயின் தடிப்பு 0.04 முதல் 0.3 மைக்ரோமீட்டர், வானவில் நிறமாயின் 0.3 முதல் 5 வரை. உலோக நிறமாயின் 5 முதல் 50 வரை. எண்ணெயின் சொந்த நிறமே விட்டுவிட்டுத் தெரியுமாயின் 50 முதல் 200 வரை. தொடர்ந்து தெரியுமாயின் 200க்கு மேல். ஒரு மைக்ரோமீட்டர் என்பது மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கு.

இதில் ஒரு நல்ல கணக்கு உண்டு. ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பில் ஒரு மைக்ரோமீட்டர் தடிப்புக்கு எண்ணெய் பரவியிருந்தால் அதன் அளவு என்ன? ஒரு கன மீட்டர். அதாவது 1,000 லிட்டர். வெள்ளிப் பளபளப்பாயின் ஒரு சதுர கிலோமீட்டருக்கு 40 முதல் 300 லிட்டர்தான். அதே பரப்பில் கருநிறம் தொடர்ந்து தெரிந்தால் 2,00,000 லிட்டருக்கு மேல். ஆகவே பரப்பை மட்டும் பார்த்து அஞ்சுவதும் பிழை. பரப்பு சிறிதென்று அமைதி கொள்வதும் பிழை.

கரையிலிருந்து நீரோட்டம் காணல்

இனி இயக்கத்தை அளக்கும் வழிக்கு வரலாம். மிதக்கும் எண்ணெய், நீரோட்டத்தின் வேகம் முழுவதையும் ஏற்றுக்கொள்ளும். காற்றின் வேகத்தில் ஏறத்தாழ நூற்றுக்கு மூன்று பங்கை மட்டும் ஏற்கும். காற்று மணிக்கு 40 கிலோமீட்டர் வீசினால், அதனால் எண்ணெய் நகர்வது மணிக்கு 1.2 கிலோமீட்டர், ஒரு நாளில் ஏறத்தாழ 29 கிலோமீட்டர். காற்றை அளப்பது எளிது. நீரோட்டத்தை அளப்பதே அரிது. கடலோரத் தமிழ் மீனவர் நீரோட்டத்தை 'நீவாடு' என்பர். வலை இழுபடும் போக்கைக் கொண்டே அதனை அறிந்தவர் அவர். ஆயினும் ஒரு வலை ஓரிடத்து ஓட்டத்தைத்தான் சொல்லும்; பல நூறு சதுர கிலோமீட்டர் கடலை ஒருங்கே சொல்லுவது எது?

1955ஆம் ஆண்டில் நியூசிலாந்தைச் சேர்ந்த குரோம்பி என்னும் அறிஞர் ஓர் உண்மையைக் கண்டறிந்தார். கடல்மீது சிற்றலை வானொலிக் கதிர்களை வீசினால், அக்கதிரின் நீளத்தில் சரிபாதி நீளமுள்ள கடலலைகள் மட்டும் வலுவான எதிரொலி தருகின்றன. வானொலி அலை 12 மீட்டராயின், எதிரொலிப்பவை 6 மீட்டர் நீளமுள்ள கடலலைகள். ஆழமான நீரில் 6 மீட்டர் அலை எவ்வளவு வேகத்தில் செல்லும் என்பது இயற்பியல் விதிப்படி முன்னரே தெரிந்தது: நொடிக்கு ஏறத்தாழ 3 மீட்டர். இரயில் நெருங்கும்போது அதன் ஊதல் ஓசை உயர்வதுபோல, எதிரொலியின் அதிர்வெண் மாறுவதைக் கொண்டு அலையின் உண்மையான வேகத்தை அளக்கலாம். அளந்த வேகம் 3½ மீட்டர் என்று வந்தால், மிகுந்திருக்கும் அரை மீட்டர் யாருடையது? அலையைச் சுமந்து செல்லும் நீரோட்டத்தினுடையது!

ஒரு நிலையம் தன்னை நோக்கி வரும் அல்லது தன்னைவிட்டு அகலும் வேகத்தை மட்டுமே அறியும். கரையில் இரண்டு நிலையங்களைத் தள்ளித் தள்ளி நிறுவி, இரண்டின் அளவையும் சேர்த்தால் நீரோட்டத்தின் திசையும் வேகமும் வரைபடமாய் விரியும். நெடிய வானொலி அலைகளைக் கையாளும் நிலையங்கள் 200 கிலோமீட்டர் வரையிலும் எட்டிப் பார்க்கும். கடலில் ஒரு கருவியையும் இறக்காமல், மணிக்கொரு முறை கடல் முகம் முழுவதையும் அளந்துவிடும் இம்முறை, எண்ணெய் துரத்துவோருக்குப் பெருந்துணை.

மெக்சிகோ வளைகுடா தந்த பாடம்

இத்துறைக்குப் பெரும் உந்துதல் தந்தது ஒரு பெருந்துயரம். 2010ஆம் ஆண்டு ஏப்ரல் 20ஆம் நாள், மெக்சிகோ வளைகுடாவில் 'டீப்வாட்டர் ஹொரைசன்' என்னும் துளையிடும் மேடை வெடித்துப் பதினொரு தொழிலாளர் உயிரிழந்தனர். ஏறத்தாழ 1,500 மீட்டர் ஆழத்தில் திறந்த கிணறு 87 நாட்கள் எண்ணெயைக் கக்கிற்று.

தொடக்கத்தில் நாளொன்றுக்கு 1,000 பீப்பாய் கசிவதாகச் சொன்னார்கள். சில நாட்களில் 5,000 என்றார்கள். பிற்பாடு முறையாக ஆராய்ந்த அரசு அறிஞர்கள், தொடக்கத்தில் நாளொன்றுக்கு 62,000 பீப்பாய் பீறிட்டது என்று கணித்தனர். கிணற்றிலிருந்து வெளிவந்த எண்ணெய் மொத்தம் 49 இலட்சம் பீப்பாய் என்பது அவர்தம் மதிப்பீடு. கடலில் கலந்தது 31.9 இலட்சம் பீப்பாய் என்று 2015ஆம் ஆண்டில் அமெரிக்க நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அளவை பிழைத்தால் ஆயத்தமும் பிழைக்கும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

மே திங்கள் நடுவில் எண்ணெயின் ஒரு நாக்கு தென்கிழக்கே நீண்டது. வளைகுடாவில் 'லூப்' என்னும் பேரோட்டம் உண்டு. அது தெற்கிலிருந்து புகுந்து வளைந்து புளோரிடா நீரிணை வழியே அட்லாண்டிக்கில் பாய்வது. எண்ணெய் அதில் ஏறினால் புளோரிடாவின் பவளத் திட்டுகளுக்கும் அப்பால் சென்றுவிடும் என அஞ்சினர். அவ்வமயம் அவ்வோட்டத்திலிருந்து ஒரு பெருஞ்சுழி பிரிந்து நின்று, அவ்வழியை ஏறக்குறைய அடைத்துவிட்டது. அச்சுழிக்கு இடப்பட்டிருந்த பெயர் 'பிராங்க்ளின்'! குளத்தில் எண்ணெய் ஊற்றியவரின் பெயரே அமைந்தது காலத்தின் விந்தை போலும்.

ஜூன் தொடக்கத்தில் வளைகுடாவின் அமெரிக்கக் கூட்டரசுக் கடற்பகுதியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் மீன்பிடித்தலுக்கு மூடப்பட்டது. எண்ணெய் எங்கே செல்லும் என்று திட்டமாய்ச் சொல்ல முடியாதபோது, மீனவன் தன் படகைக் கரையில் கட்டிவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

ஆயிரம் மிதவைகள்

கசிவு அடைபட்ட பின், அமெரிக்காவின் மயாமிப் பல்கலைக்கழகத்து அறிஞர் தாமாய் ஓஸ்கொக்மென் தலைமையில் பல கல்விக்கூடங்கள் ஒன்றுகூடி ஒரு புதிய முறையைக் கையாண்டன. எண்ணெயைப்போலவே மிதந்து செல்லும் மிதவைகளைக் கடலில் விட்டு, அவை போகும் வழியைச் செயற்கைக் கோள் வழியே குறித்துக்கொள்வதே அம்முறை. 2012ஆம் ஆண்டுக் கோடையில் கசிந்த இடத்தருகே ஏறத்தாழ 300 மிதவைகளை விட்டனர். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒவ்வொன்றும் தன் இருப்பிடத்தைக் குறித்தது. கைத்தொலைபேசியில் வழி காட்டும் அதே ஜி.பி.எஸ். முறைதான்.

2016ஆம் ஆண்டின் முதல் இரு திங்களில் ஏறத்தாழ ஆயிரம் மிதவைகளை விட்டனர். கடலின் மாசை ஆராயப் போய்க் கடலை மாசுபடுத்தலாகாது என்று எண்ணி, மக்கிப்போகும் பொருளால் அவற்றைச் செய்தனர். மேலே ஒரு வளைய மிதவை. அதன்கீழ் ஏறத்தாழ அறுபது சென்டிமீட்டர் ஆழம் வரை தொங்கும் பலகைகள். பலகைகள் இல்லையேல் மிதவை காற்றுக்கு அடிமையாகும்; இருந்தால் மேல்நீரின் ஓட்டத்தோடு செல்லும். கப்பலோடு கட்டிய பலூனில் படக்கருவியைப் பொருத்தி, கடலில் வீசிய மூங்கில் தட்டுகள் நகர்வதையும் படம் பிடித்தனர். விருந்தில் சோறு வைக்கும் தட்டு விஞ்ஞானக் கருவியாயிற்று!

அவர்கள் கண்ட முடிவு எதிர்பாராதது. கடலில் விட்டவை நாளடைவில் பிரிந்து பரவும் என்பதே பொது எண்ணம். ஆனால் ஏறத்தாழ 20 கிலோமீட்டர் நீளமும் 20 கிலோமீட்டர் அகலமும் உள்ள பரப்பில் விடப்பட்ட ஏறத்தாழ 200 மிதவைகளுள் பாதிக்கு மேற்பட்டவை, ஒரு வாரத்துக்குள் 60 மீட்டருக்கு 60 மீட்டர் என்னும் சிறு இடத்தில் வந்து கூடின! 400 சதுர கிலோமீட்டர் எங்கே, 3,600 சதுர மீட்டர் எங்கே? ஒரு பள்ளித் திடலின் அளவுக்குள் அவை அடங்கிவிட்டன. பரப்பு இலட்சத்தில் ஒரு பங்குக்கும் கீழாகச் சுருங்கிற்று. அதன் பின்னரே அவை மெல்லப் பிரிந்தன. இம்முடிவு 2018ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது.

இதன் காரணம் யாது? மிசிசிப்பி ஆறு கொணரும் நன்னீர் கனம் குறைந்தது. கடலின் உப்புநீர் கனம் மிகுந்தது. இரண்டும் சந்திக்கும் எல்லையில் கனத்த நீர் இலேசான நீரின்கீழ் நழுவிச் செல்லும். அங்கே நீர் நொடிக்கு ஓரிரு சென்டிமீட்டர் வேகத்தில் கீழிறங்குவதாகக் கண்டனர். நீர் கீழே போகலாம்; மிதக்கும் பொருள் போக முடியாது. எனவே நீர் இறங்கும் கோட்டில் மிதப்பவை தங்கிவிடுகின்றன. தோட்டத்தில் இரண்டு ஓடைகள் கூடுமிடத்தில் நுரையும் சருகும் ஒரு கோடாய்த் திரள்வதைக் கண்டவர் இதனை எளிதில் உணர்வர்.

இதன் பயன் பெரிது. எண்ணெய் பரவவே பரவும் என்று எண்ணினால், துரத்தித் துரத்திக் களைக்க வேண்டும். அது கூடவும் கூடும் என்று அறிந்தால், கூடும் கோட்டைக் கண்டு அங்கே தடுப்பையும் உறிஞ்சு கருவியையும் கொண்டு காத்திருக்கலாம். ஆனால் இதிலும் எச்சரிக்கை உண்டு. அந்த ஆய்வில் புயலடித்தபோது பல மிதவைகள் தம் அடிப்பலகைகளை இழந்தன. இழந்தவை வேறு வழி சென்றன. இழக்காதவை வேறு வழி சென்றன. நீரின் மேல் அரை மீட்டருக்குள்ளேயே ஓட்டம் மாறுபடுகிறது என்பதை அவ்விழப்பே கற்பித்தது. மேற்பரப்பில் தவழும் படலமும், அலையால் கடையப்பட்டு நீருக்குள் தொங்கும் துளிகளும் ஒரே இடத்துக்குச் செல்லும் என்று கொள்ளலாகாது.

மேடு பள்ளம் காணும் கோள்

கடல் தட்டையானது போலத் தோன்றினும் அதில் மேடு பள்ளங்கள் உண்டு. பேரோட்டங்களின் இருபுறமும் நீர்மட்டம் ஒரு மீட்டர் அளவுக்கும் வேறுபடும். மேட்டிலிருந்து பள்ளத்துக்கு நீர் நேரே ஓட முயலும். புவியின் சுழற்சி அதனை வடகோளத்தில் வலப்புறமாகத் திருப்பும். முடிவில் நீர் மேட்டைச் சுற்றி வளைந்து ஓடும். ஆகவே மேடு பள்ளத்தை அளந்தால் ஓட்டத்தை அறியலாம்.

2022ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் நாள் அமெரிக்காவும் பிரான்சும் கூடி ஏவிய 'சுவாட்' என்னும் கோள் இதற்கெனவே அமைந்தது. 891 கிலோமீட்டர் உயரத்திலிருந்து, 10 மீட்டர் இடைவெளியில் நிற்கும் இரண்டு வாங்கிகளால் ஒரே எதிரொலியைப் பெற்று, இரண்டுக்கும் உள்ள நுண்ணிய வேறுபாட்டால் கடல்மட்டத்தைச் சென்டிமீட்டர் அளவில் கணிக்கிறது. முந்திய கோள்கள் தாம் சென்ற கோட்டின் நேர்கீழே மட்டும் அளந்தன. இதுவோ இருபுறமும் 50 கிலோமீட்டர் அகலப் பட்டைகளாக அளக்கிறது. முன்பு தெரியாத சிறு சுழிகளும் இப்போது தெரிகின்றன.

ஆயினும் இக்கோள் அதே வழிக்குத் திரும்ப 21 நாட்கள் ஆகின்றன; எண்ணெய் அதுவரை காத்திராது. மற்றொன்றும் உண்டு. நீரைத் திருப்பும் புவிச்சுழற்சியின் விளைவு துருவங்களில் மிகுதி, நிலநடுக்கோட்டில் இல்லை. சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு ஒன்றேகால் பாகை வடக்கே உள்ளது. மேலும் அதன் நீரிணை குறுகியது. அங்கே ஆட்சி செய்வது ஓதம். ஏற்ற வற்றத்துக்கு ஏற்ப நீர் திசை மாறி ஓடும். ஆதலின் பெருங்கடலுக்குப் பொருந்தும் கருவி குறுகிய நீரிணைக்குப் பொருந்தாது. அங்கே ஓதக் கணக்கும் காற்றளவும் ஆளில்லா வானூர்தியின் கண்ணுமே முன்னிற்க வேண்டும். எந்த அளவுகோல் எங்கே பொருந்தும் என்று அறிவதும் அளவைக் கலையின் ஒரு பகுதியே.

வகுப்பறையில் ஒரு தட்டு நீர்

இவற்றையெல்லாம் வகுப்பில் விளக்க விரும்பும் ஆசிரியருக்குச் செலவு ஏதும் இல்லை. அகன்ற தட்டில் நீர் ஊற்றி, அதன்மேல் முகத்துக்குப் பூசும் பவுடரைச் சிறிது தூவுக. ஈர்க்கு நுனியில் தேங்காயெண்ணெயைத் தொட்டு நடுவில் வைக்க. பவுடர் விலகி ஓடுவது எண்ணெய் பரவுவதைக் காட்டும். பிறகு ஒரு பக்கமிருந்து மெல்ல ஊதினால், காற்று தள்ளும் பங்கு தெரியும். "பத்து எண்ணும் நேரத்தில் எங்கே சேரும்?" என்று மாணவர்களை முன்கூட்டிச் சொல்லச் செய்து, பின்னர் ஊதிப் பார்க்க. முன்னறிவிப்பு என்பது எத்துணைக் கடினம் என்பதை அவர்கள் தாமே உணர்வர்.

கடலில் முன்னறிவிப்போர் செய்வதும் இதுவே. ரேடார் படம் இன்று எண்ணெய் இருக்கும் இடத்தைச் சொல்லும். நிறம் அதன் தடிப்பைச் சொல்லும். கரை நிலையமும் மிதவையும் ஓட்டத்தைச் சொல்லும். வானிலை நிலையம் காற்றைச் சொல்லும். இவையனைத்தையும் கணிப்பொறியில் இட்டு, எண்ணெயை ஆயிரக்கணக்கான துகள்களாகப் பாவித்து நாளைய இடத்தைக் கணிப்பர். நாளை வந்ததும் புதிய படத்தோடு ஒப்பிட்டுப் பிழையைத் திருத்துவர். ஒரு கருவி சொல்லாததை மற்றொன்று சொல்லும். ஒன்று மயங்குமிடத்தில் மற்றொன்று தெளிவிக்கும்.

இத்துணைக் கருவிகள் இருந்தும், சிந்திய எண்ணெய் முழுவதையும் கடலிலிருந்து மீட்டவர் எவரும் இலர். ஒரு பகுதி ஆவியாகும்; ஒரு பகுதி நீரோடு கலந்து கூழாகிப் பன்மடங்கு பருக்கும்; ஒரு பகுதி அலையாத்தி வேர்களின் சேற்றில் ஆண்டுக்கணக்கில் தங்கும். அளவைக் கருவி எண்ணெயை அள்ளாது. அள்ளும் கைகளை உரிய இடத்துக்கு உரிய நேரத்தில் அனுப்பும். ஒரு மணி நேரம் முந்தி அறிந்தால் ஒரு கழிமுகம் பிழைக்கும். ஒரு மீனவக் குடும்பத்தின் அடுப்பு எரியும். அதற்காகவே அறிஞர்கள் ஓயாது அசையும் கடல் முகத்தை ஓயாது அளந்துகொண்டிருக்கின்றனர்.